உன் குசினிக்கு வந்த கடற்கரை

நாலைந்து நாளாகத் தும்மல் நிற்கவில்லை. தும்மினால் மூக்குத் துடைக்கிற லேஞ்சியில் பச்சை. உன் குசினி அலுமாரிக் கதவைத் தேய்த்தபோது பறந்த தூசு அது. மூக்குக்குள் ஏறிக் குடியிருந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. பழைய எனாமல் பெயின்ற் தூசுக்கு ஒரு மணம் இருக்கிறது, உனக்குத் தெரியும். மண்ணெண்ணெயும் காறல் தேங்காயெண்ணெயும் கலந்த மாதிரி. அந்த மணம் வந்தால், பக்கத்து ஏணியில் நீ நிற்கிறாயா என்று என் கழுத்து தானாகத் திரும்புகிறது. ஏணி மட்டும்தான் நிற்கிறது.

நாளைக்கு உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருஷம். ஐயர் வருவார். உன் கடற்கரைச் சனம் வான் பிடித்து வரும். உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். மீன் இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ போன எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வைத்த மீனோடு உன் கணக்கு முடிந்தது. இனி மரக்கறிதான், பொறுத்துக்கொள்.

என் எழுத்து கோழி கிளறின முற்றம் மாதிரி என்று நீதான் சொல்வாய். ஐந்தாம் வகுப்போடு என்னை மாடு பார்க்க விட்டார்கள். மாடு ஒருநாளும் என்னிடம் எழுதித் தா என்று கேட்டதில்லை. ஆனால் இந்த ஒரு கிழமையாக என் தலைக்குள் இருக்கிற குழப்பத்தை வாயால் சொல்வதற்கு இங்கே ஆள் இல்லை. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். குழப்பமும் உன்னால் வந்ததுதான்.

தொடக்கி வைத்தது உன் மகள். கிளிநொச்சியில் வேலை முடிந்து வருகிற வழியில் என் படலைக்குள் மோட்டார்சைக்கிளை விட்டவள், ஹெல்மெற்றையும் கழற்றாமல் ஃபோனை நீட்டினாள்.

"அன்ரி, இதைப் பாருங்கோ. எங்கட குசினியை இப்பிடி மாத்தித் தருவீங்களே?"

பார்த்தேன். ஒரு பெரிய குசினி. அலுமாரியெல்லாம் வெள்ளை. கீழ்வரிசைக்கு மட்டும் சலவை நீலம் ஒரு துளி விட்டு அலசின மாதிரி ஒரு நீலம். கைபிடிக்குப் பதிலாகக் கயிற்றுத் துண்டு. மேலே ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் சிப்பி சோகியெல்லாம் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"இதென்ன பிள்ளை, ஆஸ்பத்திரியே?"

"கடற்கரை மொடல் அன்ரி. வெளிநாட்டிலை கடற்கரை வீடுகளிலை குசினி இப்பிடித்தானாம்."

"அப்ப மீன் எங்க? செதிள் எங்க? சுத்தித் திரிய ஒரு பூனையைக்கூடக் காணேல்லை."

"பகிடியை விடுங்கோ அன்ரி. பெயின்ற் காய்ஞ்சாப் பிறகு விளிம்பெல்லாம் தேய்ச்சு விட வேணும். உப்புக்காத்துப் பட்டுப் பழசான மாதிரித் தெரிய வேணும்."

"உன்ர அம்மாவும் நானும் இவ்வளவு காலமும் பழசைப் புதுசாக்கித்தான் சோறு திண்டனாங்கள். நீ புதுசைப் பழசாக்கச் சொல்லுறாய். அதுக்கு நான் என்னத்துக்கு? கழட்டி முற்றத்திலை வைச்சு ரெண்டு மாரி மழை விட்டாக் காணும்."

சிரித்தாள். உன் சிரிப்புத்தான், தோள் குலுங்கும், சத்தம் பிந்தி வரும். பிறகு நிறுத்திவிட்டாள்.

"அம்மாக்காகத்தான் அன்ரி. திவசத்துக்கு முன்னம் முடிக்க வேணும். அம்மா வருவா எண்டுதானே படைக்கிறம்? வந்தால் தன்ர கடலைப் பார்க்கட்டும்."

அவள் ஃபோனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அம்மம்மா வீட்டுக் கடற்கரை எண்டால் பங்கரும் சத்தமும்தான் ஞாபகம். அம்மாக்கும் கடைசியாப் பார்த்தது அதுதானே. இது வடிவான கடல் அன்ரி. சத்தமில்லாத கடல்."

"செய்வம்" என்றேன்.

சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் நாங்கள் எல்லாரும் உன் கரைக்குத்தான் ஓடிவந்தோம். எங்களுக்கு அது ஆரோ ஊர். உனக்கு அது தாய் வீடு. நாங்கள் வேலியோரம் தறப்பாளைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது, நீ பிறந்த வீட்டு முற்றத்திலேயே பங்கர் வெட்டினாய். உன் தாய் அந்த மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டார். நீ புருஷனோடும் பிள்ளையோடும் எங்கள் வாய்க்கால் கரைக்குத் திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு உன் தம்பி அங்கே மறுபடி வீடு கட்டினான், குடிபூரலுக்கு அழைத்தான். நீ போகவில்லை. "மினக்கேடு" என்றாய். ஒரு நாளும் வேறு காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அது உன்னிடம் பழகின பழக்கம். நாங்கள் இரண்டு பேரும் பெயின்ற் வேலை பழகப் போனது நினைவிருக்கிறதா? பொம்பிளைகளுக்குத் தையல் மட்டும்தானா என்று யாரோ நினைத்து வைத்த வகுப்பு. எல்லாரும் கூச்சத்தோடு நின்றபோது நீதான் முதலில் ஏணியில் ஏறினாய். "வள்ளத்திலை ஏறினவளுக்கு ஏணி என்ன" என்றாய். கீழே நின்று நான், "கருவாட்டை உயரத்திலைதான் காய வைக்க வேணும்" என்றேன். நீ மேலே இருந்து என் நெற்றியில் ஒரு சொட்டு வெள்ளையை விட்டாய். அன்றிலிருந்து நான் உனக்குக் குளத்து எருமை, நீ எனக்குக் கருவாடு. ஊரில் எங்களைப் பெயின்ற் அக்காமார் என்றார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் போதவில்லை.

ஒரு முறை பரந்தன் பக்கத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பின ஒருவர் கட்டின வீட்டுக்குப் போனோம். அறைக்குக் கடல் நீலம் வேண்டும் என்று பெயின்ற் பேணியைக் காட்டினார். நீ அவர் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாய்.

"கடல் உந்த நிறத்திலை ஒருநாளும் கிடந்ததில்லையடி."

"பின்னை என்ன நிறம்?"

"மீன் கழுவின தண்ணி நிறம்."

அடுத்த கிழமை கேட்டால் சாம்பல் என்றாய். இன்னொரு நாள் அதற்கு நிறமே இல்லை என்றாய். எதற்கு அந்த மனிதர் நீலம் கேட்கிறார் என்று நான் தொணதொணத்தபோது, "கேட்டதை அடி, காரணம் கேளாதை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாய். நான் எல்லாரையும் பகிடி பண்ணிச் சொறிகிறவள். ஆனால் நிறத்துக்குக் காரணம் கேட்பதை மட்டும் அன்றோடு விட்டேன்.

உன் மகளுக்குச் சரி சொன்னேன் அல்லவா? மறுநாள் அளவு எடுக்கப் போனேன். உன் மனிசன் குசினி வாசலில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். பேசாத மனிசன் வாசலை மறித்து நின்றால் எவ்வளவு அகலமாக இருக்கிறார் தெரியுமா?

"தங்கச்சி, அளக்கிறதெண்டால் முற்றத்தை அள. இஞ்ச ஒண்டும் இல்லை."

"அண்ணை, பிள்ளை ஆசைப்படுகுது."

"அவள் வந்தால், இது ஆரின்ர குசினியோ எண்டு வாசலாலை திரும்பிப் போடுவாள்."

உள்ளே இருந்து மகள் சொன்னாள்: "அம்மாக்கு உந்தப் பச்சை பிடிச்சதெண்டு ஆர் சொன்னது?"

"பிடிக்காமலோ பொங்கலுக்குப் பொங்கல் அடிச்சவள்? என்ர வயலைக் குசினிக்குள்ள கொண்டந்து வைச்சவள்."

"அது உங்கட வயல் அப்பா. அம்மாட கடல் எங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "உதிலை ஒரு கதவு கழண்டாலும் நான் பூவரசங்குளம் போறன், அக்கா வீட்டை. திவசத்தையும் அங்கயே செய்யிறன்."

"செய்யுங்கோ. நான் இஞ்ச செய்யிறன்" என்றாள் மகள்.

இரண்டு வீட்டில் இரண்டு இலை. நீ எந்த வீட்டுக்கு வருவாய்? எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. உயிரோடு இருந்தபோதே பஸ் மாறி ஏறுகிறவள் நீ.

அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டே பேர். அவர்களும் பிரிந்தால் அந்தக் குசினியின் பின்கதவுக்குள்ளால் நான் கூப்பிடாமல் போய் வருவதும் முடிந்தது. அதனால்தான் நடுவில் நின்றேன் என்று நினைக்கிறேன். இரக்கம் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து மகள் ஒரு கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "ஒரு கதவு மட்டும் அன்ரி. செய்து காட்டினால் அப்பாக்குப் பிடிக்கும்." இரண்டு கதிரைக்கு நடுவே கதவைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். பச்சை போனது, அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழேயும் பச்சை. பொங்கலுக்குப் பொங்கல் நீ அடித்த பச்சைகள். வெங்காயம் உரிக்கிற மாதிரி, கண்ணிலும் தண்ணீர். தூசுதான். பலகை தெரிகிற நேரத்தில் அவர் வந்துவிட்டார். கதவைப் பார்த்தார். அறைக்குள் போய்ப் பயணப் பையை இறக்கி, சாரங்களை மடித்து வைக்கத் தொடங்கினார்.

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மடிக்கிற ஆளிடம் என்ன சொல்வது?

"அண்ணை, ரெண்டு நாள் பொறுங்கோ" என்றேன். "நான் அவளின்ர ஊருக்குப் போய் உண்மையான கடற்கரைக் குசினி எப்பிடி எண்டு பார்த்திட்டு வாறன். அது மாதிரி இல்லாட்டி ஒண்டும் செய்யேல்லை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "போ" என்றார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

பரந்தனில் பஸ் மாறி உன் ஊருக்குப் போனேன். அந்த நேரத்துக்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் போனதில்லை. ரோட்டெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. எங்கே தறப்பாள் கட்டினோம் என்று தேடிப் பார்த்தேன். ஒரு கடை, ஒரு கிரிக்கெட் விளையாடுகிற வெளி, இரண்டு ஆடு. எனக்கு இடம் பிடிபடவில்லை.

உன் தம்பி பெண்சாதி முற்றத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, திவசத்துக்கு நாங்கள்தானே அங்க வாறம். நீங்கள் ஏன் இஞ்ச?"

"உன்ர குசினியைப் பார்க்க."

"பொம்பிளை பார்க்க வருவினம், காணி பார்க்க வருவினம். குசினி பார்க்க வந்தது நீங்கள்தான்."

சிப்பியைப் போத்தலுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைக்கிறார்களாம் என்று சொன்னேன். "ஏன், ஊறுகாயோ?" என்று கேட்டாள். உன் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டவளுக்கு வாய் இல்லாமல் இருக்குமா?

உள்ளே இருட்டு. கண் பழகியதும் அலுமாரியைக் கண்டேன். பூனைக்குப் பயந்து கம்பி வலை அடித்த கதவு. கால் நாலும் எறும்புக்குத் தண்ணீர்ப் பேணிக்குள். நிறம் பச்சை. உன் பச்சை. நெல்லு, கதிர் வெளித்தள்ள முன்னம், குடலைக்கு வருகிற நேரத்துப் பச்சை. நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன், காயாத பெயின்ற்றைத் தொடுகிற மாதிரி.

"உது ஆர் அடிச்சது?"

"இவர்தான். வீடு கட்டின உடனை இந்த நிறம்தான் வேணுமெண்டு நிண்டு அடிச்சவர். மாமின்ர குசினி இப்பிடித்தானாம் கிடந்தது."

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த உன் தம்பி எழுந்து வந்தான். உன் தாய் ஏன் பச்சை அடித்தவர் என்று கேட்டேன். வலையின் நிறம் என்றான். பெண்சாதி ஒத்துக்கொள்ளவில்லை, நாள் முழுக்கக் கடலைப் பார்த்து அலுத்த கண்ணுக்குப் பச்சை சுகம், அதுதான் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவர், "ரெண்டும் இல்லை, வள்ளத்துக்கு அடிச்ச மிச்சம்" என்றார்.

"நீ கொம்மாவைக் கேக்கேல்லையே?" என்றேன் தம்பியிடம்.

"அம்மாட்டை ஆர் நிறத்துக்குக் காரணம் கேட்டது? சோறுதான் கேட்டம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. மகளிடம் இதைச் சொன்னால், குசினியில் இருக்கிற பச்சைதான் அம்மாவின் கடற்கரை என்று தெரிந்துவிடும். அவள் வெள்ளை நீலத்தைக் கைவிடுவாள், அவர் பையை அவிழ்ப்பார், ஒரு வீட்டில் ஒரு இலை. அதுவரைக்கும் சரி. ஆனால் அவர்? இவ்வளவு வருஷமும் பெண்சாதி தன் வயலை நேசித்துக் குசினிக்குள் கொண்டுவந்தாள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டின மனிசன். வயல் இல்லை அண்ணை, அது மாமியார் வீட்டு அலுமாரி என்று எந்த வாயால் சொல்வது? சாகாமல் இருக்கிற மனிசனிடமிருந்து ஒரு வயலைப் பிடுங்கி, செத்த உனக்கு ஒரு கரையைக் கொடுப்பது நியாயமா? சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த பஸ்ஸில் போகிறார். நான் இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

மகளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மாட்டுக்குக் குரல் கொடுத்துப் பழகின தொண்டை இது.

மகள் துலாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "அப்ப அது அம்மம்மாட பச்சையே?"

"ஓம். அம்மம்மாட பச்சைதான்."

சொன்னது நான் இல்லை. வாளியோடு பின்னால் நின்ற உன் மனிசன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் இருந்தார். உன்னைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார். இத்தனை காலமும் நீயும் சொல்லாத கதை.

"சனமெல்லாம் சுத்தி இருக்க உன்ர அம்மாவைப் பார்க்க எனக்கு வெக்கம். நேர குசினி வாசல் தெரிஞ்சது. அங்க அலுமாரி. அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். வீட்டை வந்தாப் பிறகு பொம்பிளை எப்பிடி எண்டு அக்கா கேட்டவா. எனக்கு அலுமாரின்ர நிறம்தான் தெரியும்."

மகள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. இரண்டும் உன் முகத்தில் ஒரே மாதிரித்தான் வரும்.

"எல்லாம் முடிஞ்சு இஞ்ச வீடு கட்டி, அலுமாரி வந்து நிண்டபோது, என்ன நிறம் வேணுமெண்டு கேட்டனான். என்னவும் வாங்குங்கோ எண்டாள். நான் போய் அந்தப் பச்சையைத் தேடி வாங்கினனான்."

"பின்னை ஏன் அப்பா ஊரெல்லாம் வயல் வயல் எண்டு சொன்னனீங்கள்?"

"ஏன் பச்சை எண்டு ஆரும் கேப்பினம். கேட்டால் அவள் அந்தக் குசினியைச் சொல்ல வேணும். குசினியைச் சொன்னால் தாயைச் சொல்ல வேணும். வயல் எண்டால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவினம்." என்னைக் காட்டினார். "இவவும் சிரிச்சவதானே."

சிரித்தேன்தான். "வயலுக்குள்ள இருந்துகொண்டு குசினிக்குள்ளயும் வயலே, களை பிடுங்கவும் வரட்டோ" என்று உன்னைக் கேட்டிருக்கிறேன். நீயும் சிரித்தாய்.

"அம்மா பேணியைத் திறந்து பார்த்திட்டு என்ன சொன்னவா?" என்றாள் மகள்.

"ஒண்டும் சொல்லேல்லை. கனநேரம் கலக்கினாள். பிறகு அடிச்சாள்."

"நீங்கள் கேக்கேல்லையே?"

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு. வருஷத்துக்கு வருஷம் வாங்கிக் குடுத்தன். வருஷத்துக்கு வருஷம் அடிச்சாள்."

மகள் வீட்டுக்குள் போனாள். பையை இழுத்து வந்து, சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். துவைத்து மடித்த சாரத்தை ஏன் மறுபடி காயப் போடுகிறாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் உன் மனிசன் குசினி அலுமாரியின் இழுப்பு லாச்சி ஒன்றைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார், அதே பச்சை வாங்க. இப்போது கடையில் மெஷின்தான் நிறம் கலக்குகிறது. அது ஒரு பச்சை தந்தது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று தந்தது, அதற்கும் மாட்டேன் என்றார். ரோட்டில் வெயிலுக்குள் லாச்சியை வைத்துக்கொண்டு நின்று ஒத்துப் பார்த்தாராம். வாங்கி வந்ததை, தேய்த்து வைத்த கதவுக்கு நான் அடித்தேன். அலுமாரியில் பூட்டிப் பார்த்தால் மற்றக் கதவுகளோடு சேரவில்லை. மகள் கொஞ்சம் நீலம் விடச் சொன்னாள், அவர் மஞ்சள் விடச் சொன்னார். இரண்டையும் விட்டுக் கலந்து மறுபடி அடித்தேன். இன்றைக்கு மத்தியானம் பார்த்தால், அது எந்தப் பச்சையோ எனக்கே தெரியவில்லை. ஆனால் அவர் குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மட்டையால் விசிறி அதைக் காய வைத்துக்கொண்டிருந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்று நாளைக்குத் தேங்காய் துருவினாள். உன் வீடு ஒன்றாகத்தான் இருக்கிறது. பயப்படாமல் வா.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

அவர் "வருஷத்துக்கு வருஷம்" என்று சொன்ன நேரம் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கோயில் மடத்து யன்னல்களுக்கு அடித்துக்கொண்டிருந்த ஒரு மார்கழி. நீ ஒரு யன்னல், நான் ஒரு யன்னல். மழை விட்டிருந்தது. நீ அடிப்பதை நிறுத்தாமல் சொன்னாய்:

"இந்தமுறை குசினிக்கு வேற நிறம் பார்ப்பமோ எண்டு நினைச்சனானடி. ஒரு வெள்ளை மாதிரி. பார்த்தால் மனுசன் பேணியோடை வந்து நிக்குது. அந்த மனுசனுக்கு வயல் எண்டால் உயிர். சரி, இருந்திட்டுப் போகட்டும்."

நான் என்னவோ பகிடி சொல்லியிருப்பேன். மறந்துவிட்டது. நீ சொன்னதும் அத்தோடு மறந்துபோனது. கிணற்றடியில்தான் திரும்பி வந்தது.

அப்படியென்றால், அவர் உனக்காக வாங்கினார், நீ அவருக்காக அடித்தாய். இரண்டு பேருமே கேட்காமல், இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு பச்சையை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டீர்களா? உன் மகள் ஃபோனில் காட்டின வெள்ளையைத்தான் நீயும் நினைத்தாயா? பேணியைத் திறந்து அவ்வளவு நேரம் கலக்கினது, தாயின் குசினியைக் கண்டு தாங்க முடியாமலா?

இல்லாவிட்டால், அன்றைக்கு நீ எனக்குச் சொன்னதும் அவர் ஊருக்குச் சொன்ன அதே வயல்தானா? நான் மேலே கேட்டுவிடக் கூடாது என்று, அவர் போட்ட வேலியை நீயும் எனக்கு முன்னால் இழுத்துக் கட்டினாயா? எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் தெரிகிறது. அதுதான் தலையிடி.

மகள் இன்று போகும்போது படலையடியில் கேட்டாள்: "அன்ரி, அம்மா உங்களுக்காவது இதைப் பற்றி ஏதும் சொன்னவவே?"

"இல்லைப் பிள்ளை. ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றேன்.

இவ்வளவு காலத்தில் நான் வாயை மூடினது அந்த ஒரு தரம். அது எனக்குள் இருந்து கனக்கிறது. உன் மனிசன் விசிறிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்த பிறகு, அதை இறக்கி வைக்கவும் மனம் வரவில்லை.

நாளைக்கு வந்து இலைக்கு முன்னால் இரு. அலுமாரியை நிமிர்ந்து பார். அவருக்குத் தெரிகிற மாதிரி, தாய் வீட்டைக் கண்ட முகத்தோடு பார். போகிற வழியில் என் பக்கம் கொஞ்சம் நின்று, எந்தப் பச்சை, தாய் வீட்டுப் பச்சையா, வயல் பச்சையா என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போ. இல்லை, வேண்டாம், சொல்லாதே. சொன்னால் விடிந்ததும் போய் அவரிடம் சொல்லிவிடுவேன்.